அவளுக்கு ஒண்ணுமில்லீங்க

இந்தப் பக்கம் வந்து உக்காருங்க அம்மிணி, அங்க ஃபேன் காத்து வராது. உங்கய்யனையா ஸ்கேனுக்கு உள்ள கூட்டிட்டுப் போயிருக்கறாங்க? எம்ஆர்ஐயா? அப்படின்னா நேரமாகுமுங்க. சத்தம் வேற பெருசா வரும், பயந்துக்காதீங்க. ரைஸ்மில்லு ஓடறாப்புல கடகடன்னு அடிக்கும். முந்தாநேத்துத்தான் என்ற ஊட்டுக்காரியை அதுக்குள்ள உட்டு எடுத்தாங்க.

ஊட்டுக்காரி எங்கயா? அந்தா, அந்தக் கதவுக்கு உள்ள இருக்கறா. டாக்டரு பேசிட்டிருக்கறாரு. நான் ஏன் வெளிய உக்காந்திருக்கறேன்னு கேக்கறீங்க. அதைத்தானுங்க நானும் கேக்கறேன். பொண்டாட்டிக்கு வைத்தியம் பாக்க வந்தவனைப் பாத்து, நீங்க சித்த நேரம் வெளிய இருங்கன்னுட்டாரு. பேத்தி எடுத்த மனுசன் நான். எங்க ஊர்ப்பக்கம் வந்து மோட்டார் நாச்சிமுத்துன்னு கேட்டுப் பாருங்க, சின்னக் கொழந்தை கூட ஊட்டைக் காட்டும். என்னைய இதுவரைக்கும் ஒருத்தரும் ஒரு எடத்துல இருந்து எந்திரிச்சுப் போங்கன்னு சொன்னதில்லீங்க.

நான் ஒண்ணும் சண்டை போடலை. டாக்டரு கேட்டதுக்குப் பதில் சொன்னேன், அவ்வளவுதான். அது ஒரு தப்பாயிருச்சு.

இருங்க, மொதல்ல இருந்து சொல்றேன். அப்பத்தான் உங்களுக்கு ஞாயம் புரியும்.

போன வருசம் ஆடி மாசம் அவளுக்குக் காய்ச்சல். எங்க ஊரு டாக்டரம்மா நெஞ்சுல குழாயை வெச்சுப் பாத்துட்டு, என்னமோ சத்தம் கேக்குது, பெரிய ஆஸ்பத்திரியில காட்டுங்கன்னாங்க. நான் அப்பவே கூட்டிட்டு வந்தனுங்க. அடுத்த நாளே. அதை நீங்க மனசுல வெச்சுக்கோணும். பொண்டாட்டியைப் பாக்காம உட்டவன்னு என்னைய யாரும் சொல்ல முடியாது. இங்கதான் வந்தம், இதே டாக்டருதான். எக்கோ எடுத்தாரு. இதயத்துல வால்வு ஒண்ணு ஒழுகுதுன்னாரு.

வால்வுன்னதும் எனக்குச் சிரிப்பு வந்துருச்சுங்க அம்மிணி. என்ற பொழப்பே அதுதானே. கெணத்துல மோட்டார் வெச்சுத் தண்ணி எடுக்கறமல்ல, அதுல குழாயோட அடியில, தண்ணிக்குள்ள, புட்வால்வுன்னு ஒண்ணு மாட்டியிருப்பம். மேல ஏறுன தண்ணி திரும்பக் கீழ எறங்காமப் புடிச்சு வெக்கறது அதுதான். அது ஒழுகுச்சுன்னா, மோட்டார் பாட்டுக்கு ஓடும், ஏத்துன தண்ணியில ஒரு பங்கு பின்னால போயிரும். டாக்டரு படம் போட்டுக் காட்டி என்னத்தையெல்லாம் சொன்னாரோ, அதைப் பூராவும் நான் அவருக்குத் திருப்பிச் சொன்னேன். அவரே ஆச்சரியப்பட்டுட்டாரு. கரெக்டாச் சொல்றீங்கன்னாரு.

அப்புறம் அவளைப் பாத்துக் கேட்டாரு. படி ஏறுனா மூச்சு வாங்குதாம்மான்னு. அவ என்னையப் பாத்தா. அவ அப்படித்தானுங்க. பேங்குக்குப் போனாலுஞ் சரி, ஒறம்பரை, சொந்தக்காரங்க ஊட்டுக்குப் போனாலுஞ் சரி, யாராச்சும் ஒண்ணு கேட்டா என்ற மூஞ்சியைப் பாப்பா, நான் சொல்லுவேன். ஊருல எல்லாரு ஊட்டுலயும் அதுதானே வழக்கம். அதனால, இல்லீங்கன்னேன். படுத்தா மூச்சு முட்டுதான்னாரு. இல்லீங்கன்னேன். வேலை செஞ்சா சீக்கிரம் களைப்பாகுதான்னாரு. எங்கீங்க, பொழுதன்னைக்கும் ஓடிட்டிருக்கற உசுரு, மூணு மாடு, ஊட்டு வேலை, அத்தனையும் அவதான், அவளுக்கு ஒண்ணுமில்லீங்கன்னேன்.

பெருமையாத்தானுங்க சொன்னேன். பொண்டாட்டியை உட்டுக்குடுத்தா பேச முடியும்?

டாக்டரு எழுதிக்கிட்டாரு. அப்புறம் சொன்னாரு, எக்கோவுல படம் தெளிவா வரலை, ஒழுகறது நடுத்தரமா, அதிகமான்னு ரெண்டுங்கெட்டானா இருக்குது. தொந்தரவு இல்லைங்கறீங்க, அப்ப ஆப்பரேசனுக்கு அவசரம் இல்லை. ஆனாலும் எனக்குச் சந்தேகமா இருக்குது, இதயத்துக்கு ஒரு எம்ஆர்ஐ எடுத்துட்டா எவ்வளவு ரத்தம் பின்னால போவுதுன்னு அளந்தே சொல்லிரலாம், தசை எப்படி இருக்குதுன்னும் தெரிஞ்சுரும்னாரு. சரீன்னு எடுக்கறதுக்கும் போனமுங்க. போகாம இருக்கலை.

அங்கதான் வந்துச்சு வினை. இந்த அறைக்கு முன்னாலதான். ஸ்கேன் எடுக்கற தம்பி வந்து, மேல இருக்கற உலோகம் பூராவும் கழட்டோணும்மான்னான். வளையலைக் கழட்டுனா. தோட்டைக் கழட்டுனா. மெட்டியைக் கழட்டுனா, அதுக்கே எனக்கு என்னமோ மாதிரிதான் இருந்துச்சு. அப்புறம் தாலிக்கொடின்னான்.

நீங்களே சொல்லுங்க அம்மிணி. கல்யாணத்தன்னைக்குக் கட்டுனது. தங்கம்தானே தம்பி, காந்தம் தங்கத்தைப் புடிக்காதேன்னேன். எனக்குத் தெரியாத காந்தமா. அதுக்கு அவன், கொடியில பாருங்கய்யா, ஊக்கா கோத்து வெச்சிருக்கறாங்கன்னான். பொம்பளைக எல்லாரும் கோத்திருக்கறதுதானே, சேலைக்கு வேணும், முள்ளு எடுக்க வேணும். ஊக்கை எடுத்தரம்ப்பான்னேன். இல்லீங்கய்யா, கொடியும் கழுத்துல இருக்கக் கூடாது, மஞ்சக் கயிறு கட்டிக்கட்டும், சட்டம் அப்படின்னான். யாரு போட்ட சட்டம்னு கேட்டேன். அது என்ற உசுரு சம்பந்தப்பட்டதுங்க. நான் நல்லா இருக்கோணும்னுதானே அவ கழுத்துல அது கெடக்குது. எனக்கு அன்னைக்கு நேரமும் சரியில்லை, அட்டமத்துச் சனி ஓடிட்டிருந்துச்சு. ஒண்ணுகெடக்க ஒண்ணு ஆச்சுன்னா?

அவ கையைக் கொண்டுபோய்க் கொடியைத் தொட்டுட்டு என்னையப் பாத்தா. வா புள்ள போலாமுன்னேன். வந்துட்டா. வளையலைக் கூட பஸ்ஸுல வெச்சுத்தான் மாட்டுனா.

அந்தத் தம்பி பின்னாலயே வந்து, அய்யா, டாக்டரு கிட்டயாச்சும் ஒரு வார்த்தை சொல்லிட்டுப் போங்கன்னான். தொந்தரவு இருந்தா வர்றம்பான்னு சொல்லிட்டு வந்தம்.

தொந்தரவு ஒண்ணும் இல்லைங்க அப்புறம். அதுதான் நான் சொல்ல வர்றது. ஒரு வருசம் நல்லாத்தான் இருந்தா. இன்னும் சொல்லப்போனா முன்னைக்கு இப்ப நிதானமாயிட்டா. முன்னெல்லாம் மொட்டை மாடிக்கு வத்தல் காயப் போட நாளுக்கு நாலு நடை ஏறுவா. அதை உட்டுட்டு வாசல்லயே காயப் போட்டுக்கிட்டா, நானும் நல்லதாப் போச்சுன்னு இருந்தேன். தண்ணிக் கொடத்தைப் பாதிதான் ரொப்புவா. சமையல் வேலைக்கு ஒரு ஸ்டூலைப் போட்டுக்கிட்டு உக்காந்துக்கிட்டா. வயசாவுதல்லங்க. மாடு மூணும் எதுக்கு, ஒண்ணு போதும், ரெண்டைக் குடுத்தரலாமுன்னா. அவ வாயைத் திறந்து ஒண்ணு கேட்டது அதுதான், சரீன்னு குடுத்துட்டேன். பாருங்க, கேட்டா செய்யாதவன் இல்லை நான்.

தைப்பூசத்துக்குச் சென்னிமலை போயிருந்தம். வருசா வருசம் படி ஏறிப் போறதுதான். அடிவாரத்துல நின்னுக்கிட்டு, நீங்க போயிட்டு வாங்க, நான் இங்க செருப்பைப் பாத்துக்கறேன்னா. செருப்பு போனாப் போவுது வா புள்ளேன்னேன். இல்லீங்க, புதுச் செருப்புன்னா. சாமி கும்புடறதை விட செருப்பு பெருசாப் போயிருச்சு பாருங்கன்னு மேல போறவங்க கிட்டயெல்லாம் சொல்லிச் சிரிச்சுட்டே ஏறுனேன். நான் திரும்பி வந்தப்ப அதே எடத்துல தூணைப் புடிச்சுக்கிட்டு உக்காந்திருந்தா.

ராத்திரியில கொஞ்சம் இருமல் இருந்துச்சு. அது ஊதக்காத்துக்கு எல்லாருக்கும் வர்றதுதான். எனக்குத் தூக்கம் கெட்டா அடுத்த நாள் கெணத்துக்குள்ள எறங்க முடியாதுங்க, தலை சுத்தும். அதைத் தெரிஞ்சு அவளே பாயை எடுத்துட்டு முன்கட்டு ஆசாரத்துக்குப் போயிட்டா. ஒருநாள் தண்ணி குடிக்க எந்திரிச்சுப் பாத்தா, செவுத்துல சாஞ்சு உக்காந்தவாக்குலயே தூங்கறா. அரிசி மூட்டையை முதுகுக்கு அணை குடுத்திருந்தா. பூனை வந்துருமுன்னு காவலுக்கு உக்காந்து அப்படியே கண்ணசந்துட்டா போலன்னு நெனச்சுட்டு நானும் போய்ப் படுத்துட்டேன்.

எனக்கு ஒரு பழக்கமுங்க. ரோட்டுல டிவிஎஸ்ஸுல போறப்பவே தோட்டத்துக்குள்ள ஓடற மோட்டார் சத்தத்தைக் கேட்டுச் சொல்லிப்போடுவேன், இது நல்லா ஓடுது, இது திணறுதுன்னு. வண்டியை நிறுத்தி உள்ள போய் அந்தக் காட்டுக்காரனை நல்லா வெய்யுவேன். ஏப்பா, வால்வு ஒழுகுது, தண்ணி கொறைஞ்சது தெரியலையா, மோட்டார் முக்கறது காதுல உழுகலையா, இன்னும் எத்தனை நாளைக்கு இப்படியே ஓட்டலாமுன்னு இருக்கறே, மோட்டாருக்குள்ள இருக்கற காயில் எரிஞ்சு போனப்புறம் வால்வை மாத்தி என்ன புண்ணியம்னு கேப்பேன். இல்லீங்கண்ணா, ஓடிட்டுத்தானே இருக்குதுன்னு இளிப்பானுக. படிச்சவனாட்டம் சட்டை போட்டிருப்பானுக, ஆனா ஒரு கூறு இருக்காது. எங்க ஊருல அப்படி எரிஞ்ச மோட்டார் எத்தனைங்கறீங்க.

சரி, அது கெடக்குது. இந்த ஆடி நோம்பிக்கு எங்க புள்ளை கோகிலா வந்துச்சு, திருப்பூர்ல குடுத்திருக்குது. வந்த ஒடனே, ஏம்மா காலு இப்படி வீங்கிக் கெடக்குதுன்னு கேட்டுச்சு. நான்தான் சொன்னேன், நின்னுட்டே வேலை செய்யறாளல்ல, அதுன்னு. அது என்னைய ஒரு பார்வை பாத்துச்சு அம்மிணி. அம்மாவைத்தான் கேட்டேன்னுச்சு. அன்னைக்கே காரைப் புடிச்சு இங்க கொண்டாந்துருச்சு. அப்பயிருந்து எங்கூட ரெண்டு வார்த்தை சேந்தாப்புல பேசலை. இப்பக் கூட கீழ மருந்து வாங்கப் போறேன்னு போயிருக்குது. மருந்துச்சீட்டு என்ற கையிலதான் இருக்குது.

இந்தத் தடவை எம்ஆர்ஐக்கு வந்தப்ப, நான் ஒண்ணும் தடுக்கலைங்க. தடுக்கறதுக்கு அவ எடமே குடுக்கலை. அந்தத் தம்பி வாயைத் திறக்கறதுக்கு முன்னாலயே, தலைவழியாக் கொடியைக் கழட்டி என்ற சட்டைப் பையில போட்டுட்டா. ஒண்ணும் கேக்கலை. என்ற மூஞ்சியையும் பாக்கலை. கோகிலா மஞ்சக் கயிறு ஒண்ணு கட்டி உட்டுச்சு. இந்தா, இங்கதான் கெடக்குது, பாருங்க, ஊக்கெல்லாம் அப்படியே. முந்தாநேத்துல இருந்து எங்கூடவே இருக்குது. குடுங்கன்னு அவ கேக்கவும் இல்லை, இந்தான்னு நானும் நீட்டலை.

உள்ள எப்படித் தெரியுமுங்களா? ஒரு குகையாட்டம் இருக்கும், அதுக்குள்ள படுக்க வெச்சுத் தள்ளிருவாங்க. காதுக்கு ஒண்ணு மாட்டி உட்டுருவாங்க. கையில ஒரு ரப்பர் பந்து குடுப்பாங்க, முடியலைன்னா அதை அமுக்கச் சொல்லுவாங்க. இந்தத் தம்பி வெளிய கண்ணாடிக்கு இந்தப் பக்கம் உக்காந்துக்கிட்டு மைக்குல சொல்லுவான், மூச்சை இழுங்க, உடுங்க, அப்படியே நிறுத்துங்கன்னு. இதயம் ஓடிட்டே இருக்கறதால மூச்சை நிறுத்துனாத்தான் படம் கலங்காம வருமாம். நான் கதவுக்கிட்ட நின்னுட்டிருந்தேன். கதவு சாத்தலை, பேசறது கேக்கும்.

மூச்சை நிறுத்துங்கம்மாங்கறான். கொஞ்ச நேரத்துல மணியாட்டம் ஒண்ணு அடிக்குது. பந்தை அமுக்கறா. மறுபடியும் சொல்றான். மறுபடியும் அடிக்குது. நான் தலையை நீட்டி, கை தவறி அமுக்கியிருப்பாப்பா, அவளுக்கு ஒண்ணுமில்லைன்னேன். அவன் கையைக் காட்டி என்னைய நிறுத்திட்டு, அம்மா, என்ன பண்ணுதுன்னு மைக்குல கேட்டான்.

உள்ள இருந்து ஸ்பீக்கர்ல அவ குரல் வந்துச்சு. முடியலை கண்ணு, அப்படீன்னா.

அம்மிணி, கல்யாணமான நாள்ல இருந்து அந்த வார்த்தையை அவ வாயில நான் கேட்டதில்லீங்க. ரெண்டு பிரசவத்துல சொல்லலை, மொதக் கொழந்தை போனப்பச் சொல்லலை. அது அவ குரலான்னே எனக்குச் சந்தேகமாயிருச்சு. எத்தனை நாளா மல்லாக்கப் படுக்க முடியலைன்னு அந்தத் தம்பி கேட்டான். தைக்கு முன்னால இருந்தே முடியறதில்லை கண்ணுங்கறா. யாரோ ஒரு பையன், அவங்கிட்டச் சொல்றா. அவ மூச்சுக்குத் தக்கன அவன் நிறுத்தி நிறுத்தி எடுத்தான். நான் கதவைப் புடிச்சுக்கிட்டு நின்னேன். என்னைய ஒருத்தரும் ஒண்ணும் கேக்கலை.

இன்னைக்குக் காலையில படத்தைக் காட்டுனாரு டாக்டரு. கம்பியூட்டர்ல ஓடுது பாருங்க, சுருங்கி விரியுது, பாக்கறதுக்கு நல்லாத்தான் இருக்குது. ஏறுற ரத்தத்துல பாதிக்கு மேல பின்னால வந்துருது, அளந்து பாத்தாச்சு, இதுல சந்தேகமில்லைன்னாரு. சரீங்க, வால்வை மாத்திரலாமுன்னேன். அதுக்கு அவரு இன்னொரு படத்தைப் போட்டு, இதயத்தோட செவுருல வெள்ளை வெள்ளையாத் தெரியுதல்லங்க, அதெல்லாம் தழும்புன்னாரு. வருசக்கணக்கா அளவுக்கு மேல வேலை செஞ்சு, தாங்க முடியாமத் தசை செத்துப்போன எடமாம். இப்பப் புது வால்வு வெச்சாலும் அதுக்கு ஈடு குடுத்து அடிக்கற தெம்பு இந்த இதயத்துக்கு இருக்குமான்னு எனக்கு நம்பிக்கையில்லை, மேசையிலயே போனாலும் போயிரலாம், மருந்து மட்டும் குடுத்தா கொஞ்ச காலம் வண்டி ஓடும், ரெண்டுமே நல்ல வழி இல்லைன்னாரு. போன வருசமே இந்தப் படம் எடுத்திருந்தோமுன்னாங்கறதோட நிறுத்திக்கிட்டாரு.

காயில் எரிஞ்சு போச்சுங்கறாரு, அவ்வளவுதானே. எனக்குப் புரியாமப் போவுமா அது?

புரிஞ்சுதுங்க. புரிஞ்சும் என்ற வாயி, ஆப்பரேசன் செஞ்சுருங்கன்னு சொல்லிருச்சு. வேற என்னத்தைச் சொல்றது? கையைக் கட்டிட்டு ஊட்டுக்குக் கூட்டிட்டுப் போயிப் பாத்துட்டே இருக்க முடியுமா? எனக்குப் பயமா இருக்குதுங்க அம்மிணி. அவ இல்லாம சோத்துப் பானை எங்க இருக்குதுன்னு கூட எனக்குத் தெரியாது.

டாக்டரு அவ பக்கம் திரும்பி, நீங்க என்னம்மா நெனைக்கறீங்கன்னாரு. அவளுக்குச் சம்மதந்தானுங்கன்னேன். எப்ப இருந்தும்மா மூச்சு வாங்குதுன்னாரு. இப்பத்தானுங்க, ஒரு பத்து நாளா இருக்குமுன்னேன். அப்பத்தான் அவரு பேனாவை மூடி வெச்சுட்டு, அய்யா, நீங்க சித்த நேரம் வெளிய இருங்கன்னாரு. மெதுவாத்தான் சொன்னாரு. சத்தம் போட்டிருந்தாக் கூடத் தேவலை.

வந்து உக்காந்து இவ்வளவு நேரமாச்சு. கேக்குதுங்களா? உள்ள பேசறது அவதான். டாக்டரு இல்லை, அவதான். என்ன சொல்றான்னு வெளங்கலை, ஆனா பேசிட்டே இருக்கறா. நிறுத்தறா, பேசறா, நிறுத்தறா, பேசறா. இவ்வளவு பேச்சு அவகிட்ட எங்கீங்க இருந்துச்சு? சொல்றதுக்கு என்ன இருக்குது அவளுக்கு?

கதவு தொறக்குது. வந்துட்டா. இவதானுங்க துளசிமணி. வா புள்ள, இங்க உக்காரு. மெதுவா. என்ன கேட்டாரு?

ம்? ஆப்பரேசனைப் பத்தியா? சொல்லிட்டயல்ல, சரீன்னு?

என்னது? வேண்டாமுன்னுட்டயா?

பாத்தீங்களா அம்மிணி. வேண்டாமுன்னுட்டாளாம். ஊட்டுக்குப் போலாங்கறா. யாரைக் கேட்டுச் சொன்னே நீயின்னா, டாக்டரு கேட்டது என்னையத்தானேங்கறா. இவளுக்கு என்னங்க தெரியும்? இரு, நான் உள்ள போயிச் சொல்லிட்டு வர்றேன். நாளைக்கே கூட... கையை உடு புள்ள. உடுங்கறேன். சரி, போகலை. போகலை, உக்காந்துட்டேன். சட்டையைப் புடிக்காதே, பாக்குறாங்க.

அட, நீங்க எதுக்குங்க எந்திரிக்கறீங்க. தண்ணியா? அவளையா கேக்கறீங்க? வேண்டாமுங்க. அவளுக்குத் தாகமே எடுக்காது. எங்க போனாலும் பச்சைத் தண்ணி கூட...

கையை நீட்டறா. குடுங்க, குடுங்க.

ஒரு மொடக்குக் குடிக்கறா, நிறுத்தறா. வாயைத் திறந்து மூச்சை இழுத்துக்கிட்டு அப்புறம் அடுத்த மொடக்கு. தண்ணி குடிக்கறதுக்கு மூச்சு வாங்குமுங்களா? ஏ புள்ளே, எப்ப இருந்து இப்படிக் குடிக்கறே? உன்னையத்தான். எப்ப இருந்து?

சொல்ல மாட்டேங்கறா. பாட்டலைத்தான் பாத்துட்டிருக்கறா.

ஏனுங்க அம்மிணி, நீங்க கேளுங்க. எங்கிட்டச் சொல்ல அவளுக்குப் பழக்கமில்லை. எப்ப இருந்துன்னு மட்டும் கேளுங்க. நான் குறுக்க பேச மாட்டனுங்க.